சிறப்புப் பதிப்பு என்று எதைச் சொல்வது? இளையோர் மிகுபுனைவு நாவல்களைச் சேர்க்கத் தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

சென்ற ஆண்டு என் அண்ணன் மகள் பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து ஓர் ஆங்கில நாவலை இணையத்தில் வாங்கினாள். பார்சலைப் பிரித்த கையோடு என்னிடம் கொண்டுவந்து, "அத்தை, இது முதல் பதிப்புதானே?" என்று கேட்டாள். பக்கங்களின் வெட்டு ஓரம் முழுவதும் கருநீல மை பூசி, அதன்மேல் வெள்ளி நிறத்தில் கொடிகளும் வாள்களும் வரைந்திருந்த அந்தப் புத்தகம் கண்ணுக்கு நிறைவாகவே இருந்தது. விற்றவர் தம் விளம்பரத்தில் 'முதல் பதிப்பு', 'சிறப்புப் பதிப்பு', 'லிமிடெட்', 'கையொப்பமிட்டது' என்று நான்கு சொற்களையும் ஒரே வரியில் எழுதியிருந்தார். பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது அது ஏழாவது அச்சு என்று தெரிந்தது. ஆசிரியரின் கையொப்பத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. அது பேனாவால் இட்டதன்று, படத்தைப் போல அச்சிட்டது. மொத்தம் எத்தனை பிரதிகள் என்ற எண் புத்தகத்தில் எங்கும் இல்லை.

அவளுக்குக் கிடைத்தது போலிப் புத்தகம் அன்று. நல்ல புத்தகம்தான், ஆனால் அதற்கு இட்ட பெயர்களில் மூன்று தவறு, அந்த மூன்று பெயர்களுக்காகவே அவள் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுத்திருந்தாள். இந்தக் குழப்பம் அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதில்லை. புத்தகம் சேர்ப்பவர்கள் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொற்களை விற்பவரும் வாங்குபவரும் ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றி மாற்றிச் சொல்லிவருகிறார்கள். உண்மையில் இவை மூன்று வெவ்வேறு இடங்களில் முடிவாகின்றன. 'முதல்' என்பது அச்சு இயந்திரத்தின் கணக்கு. 'சிறப்பு' என்பது பைண்டிங் மேசையில் நடக்கும் வேலை. 'லிமிடெட்' என்பது வெளியிடுபவர் கொடுக்கும் வாக்கு. ஒரு புத்தகத்தில் இம்மூன்றும் சேர்ந்து அமையலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம்.

இளையோர் மிகுபுனைவு என்பது என்ன

'யங் அடல்ட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இளையோர் இலக்கியம் ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையிலான வாசகரை மனத்தில் வைத்து வெளியிடப்படுவது. கதையின் மையப் பாத்திரமும் பெரும்பாலும் அந்த வயதினராகவே இருப்பார். இது வாசகரைக் குறித்த பகுப்பு. தரத்தைக் குறித்தது அன்று. நாற்பது வயதிலும் இவற்றைத் தேடிப் படிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தி. மிகுபுனைவு என்பது நம் உலகில் நடக்க முடியாத ஒன்றை விதியாகக் கொண்டு, அந்த விதிக்குக் கடைசிவரை கட்டுப்பட்டு நடக்கும் கதை. விதி இருந்து அதற்கு விலையும் இருந்தால்தான் மந்திரம் சுவைக்கும். நினைத்ததெல்லாம் நடக்கும் மந்திரத்தில் கதைக்கு வேலையில்லை.

இதற்கு ஒரு சிறந்த சான்று 1968இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த பர்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகம் வெளியிட்ட, அர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதித் தாருங்கள் என்று பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால் பிறந்த புத்தகம் அது. அந்தத் தீவுலகத்தில் ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவருக்கே அதன்மேல் அதிகாரம் உண்டு. லெ குவின் முதலில் தீவுகளின் வரைபடத்தை வரைந்துகொண்டு அதற்குப் பிறகே கதைக்குள் சென்றார். படிப்பவரும் படகு ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குச் செல்லும்போதெல்லாம் வரைபடத்துக்குத் திரும்பி, விரலை வைத்துத் தொலைவைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கதைக்கு வருகிறார். வரைபடம், குலச்சின்னம், வாள், பறவைநாகம் என்று கண்ணால் பார்க்க வேண்டியவை இந்த வகைக் கதைகளில் மலிந்திருப்பதால்தான் அழகாகக் கட்டிய புத்தகங்களும் இந்த வகையில் இவ்வளவு பெருகியிருக்கின்றன என்பது என் எண்ணம். ஒரு குடும்பக் கதையின் அட்டைக்குள் வரைபடத்தை ஒட்டினால் அது வெறும் அலங்காரம், இங்கோ அது கதையின் உறுப்பு.

இட்லி மாவும் ஈடும்

பதிப்புக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டை அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். இரவில் அரைத்துப் புளிக்க வைத்த மாவைக் காலையில் தட்டில் ஊற்றி வேகவைத்து எடுப்பது முதல் ஈடு. வீட்டில் ஆட்கள் மிகுதியாக இருந்தால் இரண்டாம் ஈடு, மூன்றாம் ஈடு என்று தொடர்ந்து வைப்பார்கள். எத்தனை ஈடு எடுத்தாலும் மாவு ஒன்றுதான். மறுநாள் உளுந்தைக் கூட்டி வேறு பக்குவத்தில் அரைத்தால் அது வேறு மாவு, அதற்கு ஈட்டுக் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதே மாவைச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, மினி இட்லியாக்கி, நெய்யும் பொடியும் சேர்த்துக் கொடுத்தால் பார்வையும் சுவையும் மாறலாம், மாவு மாறுவதில்லை.

புத்தகத்தில் மாவு என்பது பதிப்பு. ஓர் உரையை ஒரு குறிப்பிட்ட வடிவில் கோத்து, பக்கம் அமைத்து, அந்த அமைப்பிலிருந்து அடிக்கும் பிரதிகள் அனைத்தும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவை. ஈடு என்பது அச்சு. இயந்திரத்தை ஒருமுறை ஓட்டி, ஒரே ஓட்டத்தில் எடுக்கும் பிரதிகளின் தொகுதி அது. முதல் அச்சில் பத்தாயிரம் பிரதிகள் எடுத்து, அவை விற்றதும் எதையும் மாற்றாமல் இன்னும் பத்தாயிரம் எடுத்தால், பின்னவை முதல் பதிப்பின் இரண்டாம் அச்சு. சேகரிப்பாளர்கள் வெறுமனே 'முதல் பதிப்பு' என்று சொல்லும்போது அவர்கள் நினைப்பது முதல் பதிப்பின் முதல் அச்சைத்தான். மினி இட்லிதான் இன்று விற்பனையாகும் சிறப்புப் பதிப்புகளில் மிகப் பலவும்: உரை அதே உரை, தட்டு மட்டும் வேறு.

தமிழ் வாசகருக்கு இதில் கூடுதலாக ஒரு தடுமாற்றம் இருக்கிறது. நம் புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என்று ஓர் ஆண்டும், அதன் கீழே 'ஆறாம் பதிப்பு' என்று வேறோர் ஆண்டும் அச்சிடுவது நெடுநாள் வழக்கம். அந்த ஆறாம் பதிப்பைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. அது ஆறாம் ஈடு, ஆறாம் மாவு அன்று. 'மறுஅச்சு', 'திருத்திய பதிப்பு' என்று பிரித்தெழுதும் பதிப்பகங்கள் இப்போது இருக்கின்றன, ஆனால் பழைய பழக்கம் நம் காதில் ஊறிவிட்டது. அந்தக் காதோடு ஆங்கிலப் புத்தகச் சந்தைக்குள் போகும்போது தடுமாறுகிறோம்.

பதிப்பே உண்மையில் மாறுவது எப்படியிருக்கும் என்பதற்கு 'எரகன்' நாவலைப் பார்க்கலாம். கிறிஸ்டோபர் பயோலினி பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய இந்தக் கதையை 2002இல் அவருடைய குடும்பமே சொந்தமாக அச்சிட்டு, ஊர் ஊராகப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுசென்று விற்றது. அதன் அட்டையில் இருந்த பறவைநாகத்தின் கண் பயோலினி தாமே வரைந்தது. பிறகு நியூயார்க்கின் நாஃப் பதிப்பகம் கதையை வாங்கி, உரையைச் செப்பனிட்டு, ஜான் ஜூட் பலென்கார் வரைந்த நீல நாகத்தின் முகத்தோடு 2003இல் வெளியிட்டது. உரையே மாறியதால் இவை இரண்டும் இரண்டு பதிப்புகள். உலகெங்கும் பலர் வைத்திருப்பது நாஃப் வெளியீடு. அதன் முதல் அச்சும் மதிப்புள்ளதே. ஆனால் கதை முதன்முதலாகப் புத்தகமானது 2002இல்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், உரையோ பக்க அமைப்போ மாறினால் புதிய பதிப்பு. எதுவும் மாறாமல் இயந்திரம் மறுபடி ஓடினால் புதிய அச்சு. அட்டையோ ஓரமோ மாறுவது இவ்விரண்டிலும் சேராது.

எண்வரிசையைப் படிப்பது

எத்தனையாவது அச்சு என்பதைப் புத்தகமே சொல்லிவிடும். பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் '10 9 8 7 6 5 4 3 2 1' என்று ஒரு வரி இருந்தால், அது எண்வரிசை. அதில் இருக்கும் மிகச் சிறிய எண்ணே அச்சின் எண். 1 இருந்தால் முதல் அச்சு. வரி 2இல் முடிந்தால் இரண்டாம் அச்சு. என் அண்ணன் மகளின் புத்தகத்தில் வரி '10 9 8 7' என்று நின்றுபோயிருந்தது. சில பதிப்பகங்கள் வரி பக்கத்தின் நடுவிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக '1 3 5 7 9 10 8 6 4 2' என்று இருபுறமும் பிரித்து அடுக்குவார்கள். அப்போதும் சிறிய எண்ணையே தேட வேண்டும்.

இப்படி வளைத்துச் சொல்வதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. ஆஃப்செட் அச்சில் பக்கங்கள் உலோகத் தகட்டுக்கு மாற்றப்படுகின்றன. தகட்டில் இருப்பதை அழிப்பது எளிது, இல்லாததைச் சேர்க்க வேண்டுமானால் புதிய தகடு செய்ய வேண்டும். ஆகையால் பத்து அச்சுகளுக்கும் உரிய எண்களை முன்கூட்டியே பதித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கடைசி எண்ணை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். கணினிக் கோப்பிலிருந்து நேராகத் தகடு செய்யும் இக்காலத்திலும் அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. விதிவிலக்கும் உண்டு. ரேண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் தன் முதல் அச்சிலேயே வரியை 2இல் முடித்து, பக்கத்தில் 'முதல் பதிப்பு' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களை இட்டது. இரண்டாம் அச்சில் அந்தச் சொற்களை மட்டும் நீக்கியது. பழைய புத்தகம் வாங்குவோர் இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தால் போதும்.

இந்த ஒற்றை வரிக்கு எவ்வளவு எடை என்பதை உலகம் ஹாரி பாட்டரில் கண்டது. லண்டனின் ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் 1997 ஜூன் 26 அன்று அந்த வரிசையின் முதல் நாவலைச் சிறார் கதையாக வெளியிட்டபோது, கெட்டி அட்டையில் 500 பிரதிகளே அச்சிட்டது. அவற்றில் ஏறத்தாழ 300 நூலகங்களுக்குச் சென்று, முத்திரை குத்தப்பட்டு, பிள்ளைகளின் கைகளில் தேய்ந்தன. அந்த அச்சில் எண்வரிசை 10 முதல் 1 வரை முழுமையாக இருக்கும். பதிப்புரிமை 'ஜோன் ரௌலிங்' என்ற பெயரில் இருக்கும். 53ஆம் பக்கத்தில் பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஒரு மந்திரக்கோல் என்பது இருமுறை வந்திருக்கும். அத்தகைய பிரதி ஒன்று 2021 டிசம்பரில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 4,71,000 டாலருக்கு விலைபோனது. பார்வைக்கு அது மிகச் சாதாரணமான புத்தகம். ஓரத்தில் வண்ணம் இல்லை, பொன்னெழுத்து இல்லை, மேலே சுற்றும் ரேப்பர்கூட இல்லை, படத்தை அட்டையின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். 'முதல்' என்பதும் 'சிறப்பு' என்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

பைண்டிங் மேசையில் நடப்பது

பெரிய தாளின் இரு புறமும் பல பக்கங்களை அச்சிட்டு, அதை மடித்தால் 16 அல்லது 32 பக்கம் கொண்ட ஒரு கட்டு கிடைக்கும். நம் அச்சகங்களில் அதை ஃபாரம் என்பார்கள். ஃபாரங்களை வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் மடிப்பின் வழியே நூலால் தைத்து இணைக்கலாம். அது தையல் பைண்டிங். அல்லது மடிப்புகளைச் சீவிவிட்டு முதுகில் பசை தடவி ஒட்டலாம்; அது பசை பைண்டிங். இப்படி இணைந்த தாள்கட்டின் மேல், கீழ், திறக்கும் பக்கம் ஆகிய மூன்று ஓரங்களையும் கத்தி ஒரே அளவாக வெட்டுகிறது. அதன் பிறகே தாள்கட்டைக் கெட்டி அட்டைக்குள் வைத்து, முன்னும் பின்னும் உள்ளொட்டுத் தாளால் பிணைக்கிறார்கள்.

வண்ண ஓரத்துக்கு உரிய நேரம் வெட்டுக்கும் அட்டைக்கும் இடைப்பட்டது. வெட்டி முடித்த தாள்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கங்களுக்கு இடையே மை இறங்காதபடி இறுக்கிப் பிடித்து, வெட்டு ஓரத்தின்மேல் மையைத் தெளிக்கிறார்கள். கொடியோ நாகமோ வேண்டுமென்றால் வடிவம் வெட்டிய தகட்டை வைத்துத் தெளிப்பார்கள். இப்போது ஓரத்தின்மேல் நேரடியாகவே படத்தை அச்சிடும் இயந்திரங்களும் உள்ளன. புடவைக்குக் கரை போல, மூடி வைத்திருக்கும்போதும் புத்தகம் தன் அழகைக் காட்டுவதற்கு இந்த ஓரமே காரணம். கட்டி முடித்த சாதாரணப் பிரதியை வாங்கி வீட்டில் வைத்து ஓரத்துக்கு வண்ணம் பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். சிலருடைய கைவேலை உண்மையிலேயே நேர்த்தியானது. ஆனாலும் அது ஒரு தனிப் பிரதியின்மேல் செய்த அலங்காரம், பதிப்பாளர் வெளியிட்ட சிறப்புப் பதிப்பு அன்று.

ஓரத்தை அலங்கரிப்பது இன்று நேற்று வந்ததில்லை. தூசியும் ஈரமும் உள்ளே இறங்காமல் காப்பதற்காகப் பழைய பைண்டர்கள் தலைப்பக்க ஓரத்தில் பொன் தகடு ஒட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் குடும்பத்துப் பைண்டர்கள், பக்கங்களைச் சற்றே விசிறிபோல் சரித்தால் மட்டும் தெரியும் ஓவியங்களை ஓரத்தில் வரைந்து புகழ்பெற்றார்கள். அமெரிக்காவின் மலிவுப் பதிப்புப் பாக்கெட் நாவல்களில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஓரத்துக்குச் சாயம் பூசிய காலமும் உண்டு. மட்டமான தாள் பழுப்பதை மறைக்க உதவிய அதே சாயம் இன்று விலையுயர்ந்த புத்தகங்களின் அடையாளமாகியிருக்கிறது.

மேசையில் செய்யும் மற்ற வேலைகளில் ஒன்று ஃபாயில் பதிப்பு. சூடேற்றிய உலோக அச்சைக் கொண்டு பொன் அல்லது வெள்ளி நிறப் படலத்தை அட்டைத் துணியின்மேல் அழுத்துவார்கள். விரலால் தடவினால் எழுத்து சற்றுப் பள்ளமாக இருப்பது தெரியும். உள்ளொட்டுத் தாளில் வரைபடமோ பாத்திரங்களின் ஓவியமோ அச்சிடுவது மற்றொன்று. மேலே சுற்றும் ரேப்பரின் உள்புறத்திலும் வேறொரு படத்தை அச்சிட்டு, இரு பக்கமும் மாற்றிப் போட்டுக்கொள்ளும்படி செய்வதும் உண்டு.

இத்தனையும் பார்த்துவிட்டுப் பைண்டிங்கைப் பார்க்க மறந்துவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புத்தகத்தை மூடி வைத்து, முதுகின் தலைப்பக்கத்தை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாக வளைந்து தெரிந்தால் அது தைத்தது. தனித்தனித் தாள்கள் நேர்கோடாகப் பசையில் நின்றால் அது ஒட்டியது. ஓரத்தில் அத்தனை வண்ணமும் இருந்து, முதுகில் வெறும் பசை மட்டும் இருக்கும் புத்தகங்கள் சந்தையில் ஏராளம். திரும்பத் திரும்பப் படிக்க விரும்பும் கதைக்கு வண்ணமில்லாத தையல் பைண்டிங்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

'லிமிடெட்' என்ற வாக்கு

இங்கே நான்கு சொற்களைப் பிரித்தறிந்தால் போதும். சிறப்புப் பதிப்பு என்பது வழக்கமான வெளியீட்டிலிருந்து கட்டமைப்பிலோ படங்களிலோ வேறுபட்ட வெளியீடு. எத்தனை பிரதிகள் என்பது பற்றி இந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. எக்ஸ்க்ளூசிவ் என்றால் ஒரே ஒரு கடையிலோ நிறுவனத்திலோ மட்டும் விற்பது. பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ், அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் போன்ற பெருங்கடைகள் இப்படி விற்பவை பல ஆயிரம் பிரதிகள் வரை இருக்கலாம். லிமிடெட் என்றால் இத்தனை பிரதிகளுக்கு மேல் அச்சிட மாட்டோம் என்ற வாக்கு. எண் சொல்லாத வாக்குக்கு மதிப்புக் குறைவு. எண்ணிட்ட பதிப்பு என்பது மொத்தத்தில் இது எத்தனையாவது பிரதி என்பதை ஒவ்வொன்றிலும் கையால் எழுதித் தருவது.

முதல் அச்சுக்கு மட்டும் வண்ண ஓரம் என்று பதிப்பகமே முடிவுசெய்யும் வழக்கமும் பெருகியிருக்கிறது. 2023 மே மாதம் ரெபெக்கா யாரோஸ் எழுதிய 'ஃபோர்த் விங்' வெளிவந்தபோது அதன் முதல் அச்சில் கறுப்பு ஓரமும் நாக வடிவங்களும் இருந்தன. பிரதிகள் விரைவில் தீர்ந்து, அடுத்த அச்சுகள் வெள்ளை ஓரத்தோடு வந்ததும், ஓரம் கறுத்த பிரதிகளுக்கு மறுவிற்பனையில் விலை ஏறியது. அந்த நாவலின் நாயகி இருபது வயதுப் பெண். அது இளையோருக்கானது அன்று, வளர்ந்தோருக்கானது. அட்டையில் நாகம் இருப்பதைப் பார்த்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

மாதச் சந்தாவில் புத்தகப் பெட்டி அனுப்பும் நிறுவனங்கள் மற்றொரு வகை. பிரிட்டனின் ஃபேரிலூட், இலுமிகிரேட், அமெரிக்க வாசகரிடையே பரவிய ஔல்கிரேட் ஆகியவை இதில் பெயர்பெற்றவை. இவர்கள் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தங்கள் சந்தாதாரருக்கு மட்டும் வேறு அட்டை, வேறு ஓரம், வேறு உள்ளொட்டுத் தாள் கொண்ட பிரதிகளை அச்சிட்டு வாங்குகிறார்கள். ஆஃப்செட்டில் தகடு செய்து, இயந்திரத்தைச் சீராக்கி, முதல் நல்ல தாள் வருவதற்குள் ஆகும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே. பிரதிகள் பெருகப் பெருக ஒரு பிரதியின் பங்கு குறைகிறது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது சந்தாவால் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால்தான் இவ்வளவு வேலைப்பாட்டை இவர்களால் கட்டுபடியாகும் விலையில் கொடுக்க முடிகிறது.

அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய 'புக் ஆஃப் த மந்த் கிளப்' போன்ற பழைய சங்கங்களும் உறுப்பினருக்கெனத் தனியாகப் புத்தகம் அடித்தன. மலிவான தாள், விலை அச்சிடாத ரேப்பர், பின்னட்டையின் மூலையில் ஒரு சிறு பள்ளம் ஆகியவை அவற்றின் அடையாளம். அவற்றைச் சேகரிப்பாளர்கள் அந்நாளில் தள்ளி வைத்தார்கள். அதே ஏற்பாட்டில் வரும் புத்தகங்களுக்குத்தான் இன்று வரிசையில் நிற்கிறோம். தாளும் பைண்டிங்கும் மாறியதால் மதிப்பு மாறியது.

முழுப் பொருளில் சிறப்பு என்று நான் கருதுவது, கதையைப் படிக்கும் அனுபவத்தையே வளர்க்கும் பதிப்பை. 2018 அக்டோபரில் சாகா பிரஸ் எர்த்சீ கதைகள் அனைத்தையும் ஏறத்தாழ ஆயிரம் பக்கம் கொண்ட ஒரே தொகுதியாக வெளியிட்டது. ஓவியர் சார்லஸ் வெஸ் சில ஆண்டுகள் லெ குவினோடு கடிதத்தில் பேசிப் பேசி, அவர் மனத்தில் இருந்த நாகம் எப்படிப்பட்டது என்பதைக் கேட்டுக் கேட்டு அதற்கான படங்களை வரைந்தார். புத்தகம் வெளிவரும் முன்பே, அவ்வாண்டு சனவரியில் லெ குவின் மறைந்துவிட்டார். அந்தத் தொகுதிக்கு எண்ணிக்கை வரம்பு ஏதும் சொல்லப்படவில்லை, எல்லாக் கடைகளிலும் விற்றது. ஆனாலும் அது சிறப்புப் பதிப்புதான்.

ஆக, ஓரத்தையும் அட்டையையும் பார்த்தால் சிறப்பு தெரியும், எண்வரிசையைப் பார்த்தால் முதல் தெரியும், பிரதியின் எண் எழுதியிருந்தால் லிமிடெட் தெரியும். மூன்றுக்கும் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்.

கையொப்பத்தின் வகைகள்

ஆசிரியர் புத்தகத்தின் பக்கத்திலேயே பேனாவால் இட்ட கையொப்பம் முதல் வகை. இரண்டாவது, ஆயிரக்கணக்கான தனித் தாள்களை ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பி, கையொப்பம் பெற்று, பைண்டிங்கின்போது ஒவ்வொரு பிரதியிலும் ஒரு தாளை ஒட்டுவது. இதுவும் உண்மையான கையொப்பமே. அந்தத் தாளின் அடியில் பசைக்கோடு மெல்லியதாகத் தெரியும். மூன்றாவது, கையொப்பமிட்ட ஒட்டுச்சீட்டைப் பிறகு ஒட்டிக்கொள்வது. அதே சீட்டை எந்தப் பிரதியிலும் ஒட்டலாம் என்பதால் மதிப்புச் சற்றுக் குறைவு. நான்காவது, கையொப்பத்தின் படத்தை அச்சிடுவது. நேர்மையான நிறுவனங்கள் அதை 'அச்சிட்ட கையொப்பம்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஐயம் வந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் மைக்கோடு இடையறாமல் ஓடுகிறதா, புள்ளிகளாக உடைகிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் வாங்கும்போது

ஆங்கில நாவலின் உரிமையை அமெரிக்கா ஒரு பக்கமாகவும், பிரிட்டனும் காமன்வெல்த் நாடுகளும் மற்றொரு பக்கமாகவும் பிரித்து விற்பது வழக்கம். இந்தியா பெரும்பாலும் பிரிட்டன் பக்கம் வரும். ஆகவே அமெரிக்க வாசகர் படத்தில் காட்டும் அட்டை சென்னைக் கடைக்கு வராமல் போவது இயல்பு. 'இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்ற ஆங்கில வரியோடு இங்கே கிடைக்கும் பேப்பர்பேக் பிரதிகள் படிப்பதற்கு மிகப் பொருத்தமானவை. கதை பிடித்திருக்கிறதா என்று முதலில் அந்த மலிவுப் பிரதியில் படித்துப் பார்த்துவிட்டு, மறுபடி படிக்கத் தோன்றுகிற கதைக்கு மட்டும் சிறப்புப் பதிப்பைத் தேடுவது என் வழக்கம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் புத்தகத்தின் விலையோடு அஞ்சல் செலவும் சேரும். 2019 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்க வரியும் விதித்தார்கள். வாங்குமுன் பதிப்புரிமைப் பக்கத்தின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

ஈரக்காற்றில் வைத்திருப்பது

நம் மழைக்காலம் இந்தப் புத்தகங்களுக்குச் சோதனை. ஈரத்தில் வண்ண ஓரம் பிசுபிசுத்துப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், தாளில் பழுப்புப் புள்ளிகள் விழும், பசையையும் மாவுப்பொருளையும் தேடி இராமபாணப் பூச்சி வரும். சுவரோடு ஒட்டாத அலமாரி, மாதம் ஒருமுறை எடுத்துத் துடைப்பது, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஆகியவை பெருமளவு காக்கும். நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால் முதுகின் நிறம் ஒரே கோடையில் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடி வைப்பது ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

புதிய கெட்டி அட்டைப் புத்தகத்தை நடுவில் பிளந்து திறந்தால் முதுகு உடையும். அதற்கென்று பழைய பைண்டர்கள் சொல்லித்தந்த முறை ஒன்று இருக்கிறது. புத்தகத்தின் முதுகை மேசைமேல் ஊன்றி, தாள்களை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முன்னட்டையையும் பின்னட்டையையும் இருபுறமும் சாய்த்துப் படுக்க விட வேண்டும். பிறகு முன்புறம் சில தாள், பின்புறம் சில தாள் என்று மாறி மாறிச் சாய்த்து, மடிப்பை விரலால் மெல்ல வருடிக்கொண்டே நடுப்பக்கம்வரை வர வேண்டும். வண்ண ஓரம் உள்ள புத்தகத்தில் இதை இன்னும் பொறுமையாகச் செய்ய வேண்டும், ஒட்டியிருக்கும் பக்கங்களை இழுக்கக் கூடாது.

என் அண்ணன் மகளின் ஏழாவது அச்சையும் அன்று மாலை சாப்பாட்டு மேசையில் இப்படித்தான் திறந்தோம். ஒவ்வொரு முறை தாள் சாயும்போதும் கருநீல மை மெல்லிய சடசடப்போடு விடுபட்டது. கூடுதலாகக் கொடுத்த பணத்தை விற்றவரிடம் எழுதிக் கேட்கச் சொன்னேன். "கேட்கிறேன் அத்தை, ஆனால் புத்தகத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன்" என்றாள். நான் கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு வருவதற்குள் உள்ளொட்டுத் தாளில் இருந்த வரைபடத்தின் வடகோடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, முதல் அத்தியாயத்தின் மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தாள்.